புளி போட்டுத் தேய்த்த மோதிரம்

1

போன சித்திரையில் என் மகன் செந்திலுக்கும் மருமகள் நோராவுக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் நிறைந்தது. அதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனாலும் கோபியிலிருந்து வாரம் தவறாமல் போன் பண்ணுகிற என் தங்கச்சியிடம்கூட அதை இதுவரை சொல்லவில்லை. நேரில் பேசுவதென்றால் எனக்குக் கூச்சம். எழுதும்போது யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகத்தான் போகும். போகட்டும்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில் வெஸ்ட் வின்ட்சர். நான் இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. செந்தில் காலையில் ரயில் பிடித்து வேலைக்குப் போவான். நோராவுக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. பேத்தி நிலாவுக்கு நாலு வயது, டே கேர் போகிறாள். நான் தமிழில் கேட்பதெல்லாம் அவளுக்கு விளங்கும். பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். "சாப்பிட்டியா சாமி?" என்றால் "ஐ டிட், அப்பத்தா" என்பாள். அந்தக் கடைசி வார்த்தை ஒன்று போதும் என்று இருந்துவிடுவேன்.

நோரா வெள்ளைக்காரப் பெண். அவளுடைய அப்பாவும் அம்மாவும் அயர்லாந்து தேசத்திலிருந்து இங்கே பிழைக்க வந்தவர்கள். இப்போது இரண்டு பேரும் இல்லை. அவளிடம் தமிழ் ஐம்பது வார்த்தை இருக்கும், என்னிடம் இங்கிலீஷ் பதினைந்து. அதை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் மத்தியானம் முழுக்க ஓட்டிவிடுவோம். சொல்லப்போனால் அதிகம் பேசாததால்தான் எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அவள் ரொட்டி பிசைவாள், நான் பக்கத்தில் வெங்காயம் உரிப்பேன். நடுவில் "அம்மா, டீ?" என்பாள். "யெஸ்" என்பேன். அது எங்களுக்குள் பெரிய பேச்சு.

நோரா இடது கையில் செந்தில் போட்ட தங்க மோதிரம் போட்டிருப்பாள். வலது கையில் ஒரு பழைய வெள்ளி மோதிரம். அதன் மேல் பக்கத்தில் இரண்டு சின்னக் கைகள் ஓர் இதயத்தைப் பிடித்திருக்கும், இதயத்தின் தலையில் ஒரு கிரீடம். சுற்றிவர வளையம் முழுக்கப் பின்னல் வேலை, நம் சிக்குக் கோலம் மாதிரி. கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் வந்த புதிதில், இங்கிலீஷ் தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம், அவள் கையில் அந்தக் கோட்டைத்தான் கண்ணால் பிடித்துக்கொண்டு போவேன்.

அது அவளுடைய அம்மாவின் கல்யாண மோதிரம் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது. கேட்கவும் இல்லை.

2

நல்ல நாள் வருகிறதென்றால் நகை கழுவுவது நம் வழக்கம். தங்கம் என்றால் பூந்திக்கொட்டை ஊற வைத்த தண்ணீர். வெள்ளி என்றால் புளி, அதன் மேல் திருநீறு. நோம்பிக்கு முந்தின நாள் கொலுசும் குங்குமச் சிமிழும் விளக்குமாக வெயிலில் காயப்போடாத வீடு எங்கள் தெருவில் கிடையாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நோரா மாவு பிசைவதற்காக வெள்ளி மோதிரத்தைக் கழற்றி, சிங்க் பக்கத்தில் இருக்கும் பீங்கான் தட்டில் வைத்திருந்தாள். எப்போதும் அப்படித்தான் வைப்பாள். பிறகு நிலாவைக் குளிப்பாட்ட மாடிக்குப் போய்விட்டாள். செந்தில் கடைக்குப் போயிருந்தான். நான் மோதிரத்தைக் கையில் எடுத்தேன். பின்னலின் இடுக்கு முழுக்கக் கருப்பு. இதயத்தைச் சுற்றிக் கருப்பு. அந்தச் சின்னக் கைகளின் விரல் இடுக்கில்கூடக் கருப்பு.

பாவம், இந்தப் பிள்ளைக்கு நேரம் ஏது, நாளைக்குக் கல்யாண நாள், நாமாவது செய்து கொடுப்போம் என்று நினைத்தேன். இந்த வீட்டில் நான் அவளுக்கென்று எதுவும் செய்ததில்லை. கடைக்குப் போய் வாங்கிக் கொடுக்க எனக்குத் தெரியாது. இது எனக்குத் தெரிந்த வேலை.

நெல்லிக்காய் அளவு புளியைச் சுடுதண்ணீரில் கரைத்து மோதிரத்தைப் போட்டேன். பத்து நிமிடம் கழித்துப் பழைய பல் பிரஷால் இடுக்கு இடுக்காகத் தேய்த்தேன். பிறகு திருநீறு. பிறகும் ஒரு தடவை புளி. முக்கால் மணி நேரம் நின்ற நிலையில் தேய்த்திருப்பேன். கடைசியில் கழுவிப் பார்த்தால் அரிசி மாதிரி வெள்ளை வெளேர் என்று ஆகிவிட்டது. தட்டில் பழையபடி வைத்துவிட்டு, எனக்கே சிரிப்பு வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன்.

நோரா கீழே வந்தாள். தட்டைப் பார்த்தாள். எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். வேறு யாருடைய மோதிரமோ என்பது போலப் பார்த்தாள். நிலாதான் ஓடி வந்து, மோதிரத்தை எட்டிப் பார்த்து, பிரஷ்ஷும் திருநீறும் கிடந்த சிங்க்கையும் பார்த்துவிட்டு, "அப்பத்தா மேட் இட் நியூ!" என்று குதித்தாள்.

நோரா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இட்ஸ் ஓகே, அம்மா," என்றாள். கொஞ்சம் நின்று, "நல்லா... ஷைனி," என்றாள். மோதிரத்தை விரலில் போடவில்லை. உள்ளங்கையில் மூடிக்கொண்டு மாடிக்குப் போனாள். மேலே குழாய்த் தண்ணீர் வெகு நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அழுகிற சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிடுவது எங்கும் ஒன்றுதான் போல.

செந்தில் வந்து மேலே போய்விட்டுத் திரும்பி வந்தான். காய்கறிப் பையை மேசையில் வைத்துவிட்டு என் முன்னால் உட்கார்ந்தான்.

"அது அழுக்கு இல்லீங்கம்மா."

"பின்னே என்றா அது?"

"பண்றப்பவே அந்த இடுக்குல கருப்பு ஏத்திருவாங்க. அப்பத்தான் பின்னல் எடுப்பாத் தெரியும். அதுக்கு மேல அவங்கம்மா நாப்பது வருசம் போட்டிருந்தது. மாவு பெசஞ்சு, துணி தொவச்சு, அதெல்லாம் சேந்த கருப்பு."

"என்ரகிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாமல்ல கண்ணு?"

"நீங்க புளி போடுவீங்கன்னு எனக்கு எப்படீங்கம்மா தெரியும்?"

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோலத்தைப் பற்றித் தெரியாதவளா நான்? சாணி தெளித்த வாசலில் போட்டால்தான் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும். சுண்ணாம்புத் தரையில் போட்டால் யாருக்குத் தெரியும்? நான் கோலத்தைச் சுத்தம் பண்ணுகிறேன் என்று வாசலைக் கழுவிவிட்டிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் முழுக்க "ஐ ஆம் சாரி, ஐ ஆம் சாரி" என்று மனதுக்குள் சொல்லிப் பழகினேன். நோரா சாப்பிட இறங்கி வந்ததும் எழுந்து நின்றேன். வாயைத் திறந்தால் "தேங்க் யூ" என்று வந்தது. நிலா கைகொட்டிச் சிரித்தாள். நோரா என் தோளைத் தொட்டு உட்கார வைத்தாள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் துணிச்சல் இல்லை.

3

அடுத்த நாள் கல்யாண நாள். கேக் வெட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். நோராவின் வலது கை வெறுமையாக இருந்தது. மோதிரம் இருந்த இடத்தில் தோல் ஒரு கோடாக வெளுத்திருந்தது. பரிமாறும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போனது.

செவ்வாய்க்கிழமை பார்த்தால் சிங்க் பக்கத்திலிருந்த பீங்கான் தட்டைக் காணோம். தங்க மோதிரத்தைக்கூட அவள் மாடியில் கழற்றி வைத்துவிட்டுத்தான் மாவு பிசைய இறங்கினாள். அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள். அவள் குணம் எனக்குத் தெரியும். கை தானாகச் செய்கிற காரியம் அது, ஒரு தடவை சுட்ட பாத்திரத்தை அடுத்த தடவை துணி வைத்துப் பிடிக்கிற மாதிரி. ஆனால் எனக்கு அது திட்டு வாங்கியதைவிட அதிகமாக வலித்தது. இந்த வீட்டில் எனக்கென்று சொந்தமாக இருந்தது அவளுடைய நம்பிக்கை ஒன்றுதான். பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள், சாவியை என்னிடம் கொடுப்பாள். இனிமேல் அவளுடைய பொருள் ஒன்றை என் கை எட்டும் இடத்தில் வைப்பாளா? அந்த வாரம் முழுக்க எனக்கு அந்த ஒரு நினைப்புதான்.

4

சனிக்கிழமை எல்லோருமாக ஒரு கடைக்குப் போனோம். காரில் முக்கால் மணி நேரம். அயர்லாந்துச் சாமான் விற்கிற சின்னக் கடை. கம்பளிச் சால்வை, தேயிலை டப்பா, கண்ணாடிப் பெட்டி நிறைய வெள்ளி நகை. நான் காரிலேயே இருக்கிறேன் என்றேன். நோரா கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்க வேண்டியதாகிவிட்டது.

கடைக்காரர் வயதானவர். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதைப் போட்டுத் தேய்த்தது என்று கேட்டார். செந்தில் புளி என்பதற்கு இங்கிலீஷ் பேர் சொன்னான். அவருக்கு விளங்கவில்லை. நோரா ஏதோ சொன்னாள். சாம்பார் என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. பெரியவர் மோதிரத்தை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து நீளமாக ஒன்று சொன்னார்.

"என்ன சாமி சொல்றாரு?"

"அவரு கடை மெஷின்ல போட்டாக்கூட இத்தனை வெளுப்பு வராதாமா. உங்களுக்கு வேலை குடுக்கறேங்கறாருங்க."

நோரா லேசாகச் சிரித்தாள். ஆறு நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் பொறுமையாகச் சொன்னதைச் செந்தில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். கை இரண்டும் சிநேகிதம், இதயம் அன்பு, கிரீடம் விசுவாசம். பின்னல், கெல்டிக் என்கிற அயர்லாந்து ஆதிச் சனங்களின் பழைய வேலைப்பாடு. அதற்கு முதலும் இல்லை முடிவும் இல்லை, அதனால் கல்யாணத்துக்குப் போடுகிறார்கள். புளிப்பு எதுவும் படக் கூடாது. நீச்சல் குளத்துத் தண்ணீர் ஆகாது. கைக்கு கிரீம் தடவினால் காய்ந்த பிறகுதான் போட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி சோப்பு, மெல்லிய துணியால் ஓர் ஒற்று, அது போதும். தங்கத்தையும் வெள்ளியையும் ஒரே விரலில் போட்டால் கெட்டியானது மென்மையானதைத் தின்றுவிடும். இந்தக் கடைசிப் புத்தி நம்மவர்களுக்கும் உதவும் என்று எழுதி வைக்கிறேன்.

பிறகு, கருப்பை மறுபடி ஏற்றித் தரலாம், அதற்கு மருந்து இருக்கிறது, பத்து நிமிட வேலை என்றார்.

எனக்கு உயிர் வந்தது. "முட்டை மஞ்சக்கரு பட்டாலும் வெள்ளி கருக்கும் சாமி. சின்னதுல உனக்கு ஊட்டுன கரண்டி அப்படித்தான் கருத்துப் போச்சு. வேணும்னா நானே வீட்டுல..."

"வேண்டாங்கம்மா. போதுமுங்க."

ஆனாலும் அதைப் பெரியவரிடம் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆமாம், மருந்தும் அதே சங்கதிதான் என்று தலையாட்டினார்.

நோரா மட்டும் மோதிரத்தைக் கையில் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்றாள். மருந்தில் வருகிற கருப்பு அம்மாவுடைய கருப்பு இல்லையே, அது கடைக் கருப்பு, வருவதானால் தானாக வரட்டும் என்றாளாம். செந்தில் அதைத் தமிழில் சொன்னபோது எனக்கு வந்த உயிர் திரும்பப் போன மாதிரி இருந்தது. அப்படியானால் போனது போனதுதான். என் கையால் போனது.

பெரியவர் பூதக்கண்ணாடியை நோராவிடம் கொடுத்து, மோதிரத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கைப் பக்கம் வருகிற இடம். அங்கே வளையம் பாதியாய்த் தேய்ந்து மெலிந்திருந்தது. பின்னலே இல்லை, வழுவழு என்று இருந்தது. வாளி தூக்கி, துடைப்பம் பிடித்து, பிள்ளை சுமந்து தேய்ந்த இடம் அது, அதை எந்தப் புளியாலும் எடுக்க முடியாது என்றார் அவர். நோரா அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டினாள். நானும் பார்த்தேன். கண்ணில் நீர் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. பார்த்தேன் என்று தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது காரிலேயே அவள் மோதிரத்தைப் போட்டுக்கொண்டாள். எனக்குக் காட்டி அவள் சொன்னதைச் செந்தில் தமிழில் சொன்னான். இதயத்தின் கூர் விரல் நுனிப் பக்கம் இருந்தால் இன்னும் யாருக்கும் தரவில்லை என்று அர்த்தம். மணிக்கட்டுப் பக்கம், தன்னைப் பார்த்து இருந்தால் இந்த மனதுக்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவளுடைய அப்பா கல்யாணமாகிப் பத்தே வருடத்தில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு முப்பது வருடம் அவளுடைய அம்மா மோதிரத்தைக் கழற்றவும் இல்லை, திருப்பவும் இல்லை.

"உங்களுது, அம்மா?" என்று நோரா கேட்டாள்.

கார் ஓட்டிக்கொண்டிருந்த செந்தில் மேலே இருந்த கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "நம்ம பக்கம் அதெல்லாம் எடுத்துருவாங்கன்னு சொல்லட்டுங்களா?" என்றான். சொல்லு என்றேன். தாலிக்கொடியும் மெட்டியும் எடுத்தது எட்டு வருடம் முன்னால், என் வீட்டுக்காரர் தவறியபோது. எடுத்த கை என் நாத்தனாருடையது. அவளும் அழுதுகொண்டேதான் எடுத்தாள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு இல்லை. ஆனால் அன்றைக்குக் காரில், கழற்றாமலே விட்டுவிடுகிற ஊரும் ஒன்று இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நோரா முன் சீட்டிலிருந்து கையைப் பின்னால் நீட்டி என் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை எடுக்கவில்லை.

ஆனாலும் அந்தப் பீங்கான் தட்டு திரும்பி வரவில்லை.

5

ஆடியில் நோராவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்ய வேண்டி வந்தது. சின்னதுதான், அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம் என்றார்கள். செந்தில் எங்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, நிலாவை டே கேரில் விட்டு வருகிறேன் என்று போனான். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். கூட ஓர் ஆள்தான் வரலாம். அந்த ஓர் ஆள் நானாக இருந்தேன்.

எத்தனை காகிதம்! பேர், பிறந்த நாள், மருந்து ஒவ்வாமை, மறுபடி பேர், மறுபடி பிறந்த நாள். ஒரு நர்ஸ் வந்து அதையே வாயால் கேட்டாள். நோராவுக்குப் பயம். என்னைப் பார்த்து அடிக்கடி காரணமில்லாமல் சிரித்ததில் தெரிந்தது.

தங்க மோதிரத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். வெள்ளி மோதிரம் விரலில் இருந்தது. நர்ஸ் அதைக் காட்டி, கழற்ற வேண்டும் என்று சைகை செய்தாள். பேர் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். கூடவே கையெழுத்துப் போட ஒரு காகிதம்.

நோரா பையைப் பார்த்தாள். வாங்கவில்லை. அவள் முகம் மாறிவிட்டது.

"என் அம்மா," என்றாள் என்னிடம். வார்த்தை தேடினாள். "அம்மா... போயிட்டாங்க. ஹாஸ்பிடல்... ரிங் குடுத்தாங்க. இந்த பேக்."

எனக்கு விளங்கிவிட்டது. "பயப்படாத கண்ணு" என்றேன். அவளுக்கு அந்த வார்த்தை தெரியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

அவள் மோதிரத்தைக் கழற்றினாள். "அம்மா, கை."

நான் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டேன். "என்ரகிட்ட வேண்டாம் கண்ணு. நர்ஸ்கிட்டயே குடு," என்றேன். நிஜமாகவே பயந்துபோனேன். இந்தக் கையாலா மறுபடியும்?

"நோ பேக்," என்றாள். "நீங்க."

முந்தானைக்குள் கைவிட்டு என் இடது கையை வெளியே எடுத்தாள். என் விரல் முட்டி காய்த்துப் பெருத்தது. மோதிரம் அங்கே நின்றது. திருகித் திருகித் தள்ளினாள். உள்ளே போனதும் பார்த்தாள், கூர் வெளியே பார்த்து இருந்தது. இல்லை இல்லை என்று தலையை ஆட்டி, அவ்வளவு கஷ்டப்பட்டுப் போட்டதை மறுபடி கழற்றி, திருப்பி, கூர் என்னைப் பார்க்கும்படி போட்டாள்.

எட்டு வருடமாக அந்த மனிதருக்காக என் உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. அந்த இடத்தில் நின்றுகொண்டு அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நர்ஸ் என்னைக் காட்டி, அம்மாவா என்று கேட்டாள். அவ்வளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். நோரா "ஆமா" என்றாள். தமிழில் சொல்கிறோம் என்றே அவளுக்குத் தெரியவில்லை. நர்ஸும் பேனாவால் ஏதோ குறித்துக்கொண்டாள். படுக்கையைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது கையை விரிக்கவே இல்லை. சுவரில் கை சுத்தம் பண்ணும் மருந்து இருந்தது. எல்லோரும் தடவிக்கொண்டார்கள். நான் வலது கை விரல்களை மட்டும் தடவிக்கொண்டேன். செந்தில் வந்து சேர்ந்தவன் என் கையைப் பார்த்தான். காபி வாங்கி வந்து கொடுத்தான்.

உட்கார்ந்திருந்தபோது ஜன்னல் வெளிச்சம் கையில் விழுந்தது. அப்போதுதான் பார்த்தேன். கிரீடத்துக்கு அடியில், பின்னல் தொடங்குகிற இடுக்கில், தலைமுடி அளவுக்கு ஒரு கருப்புக் கோடு விழுந்திருந்தது. இந்த மூன்று மாதத்தில் வந்தது. எங்கள் வீட்டு ரொட்டி மாவு, எங்கள் வீட்டு சோப்பு, நிலாவின் தலையில் நான் ஊற்றி நோரா தேய்த்த எண்ணெய், இதெல்லாம்தான் அதில் இருக்க வேண்டும். வேறு எங்கிருந்து வரும்?

நல்லபடியாக முடிந்தது என்று சொல்லி உள்ளே விட்டார்கள். நோரா பாதிக் கண் திறந்து கிடந்தாள். "அம்மா, ரிங்?" என்றாள். கையைத் தூக்கிக் காட்டினேன்.

செந்தில் சும்மா இருக்கவில்லை. "ஏனுங்கம்மா, இந்த மூணு மணி நேரத்துல புளி கிளி ஒண்ணும் போடலியே?"

"தொடவே இல்லடா!"

நோராவுக்கு விளங்கிவிட்டது. புளி அவளுக்கு நன்றாகத் தெரிந்த வார்த்தை. சிரித்தாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "வலிக்குது, வலிக்குது, நோ ஜோக்," என்று மறுபடி சிரித்தாள்.

வலது கையை என் பக்கம் நீட்டினாள். நான் மோதிரத்தை முட்டியைத் தாண்டி மெதுவாகக் கழற்றினேன். யாருக்கு எதைக் கொடுத்தாலும் முந்தானையில் ஒரு துடை துடைத்துக் கொடுப்பது என் கைப்பழக்கம். கை தானாக முந்தானைக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டேன். இருந்தபடியே அவள் விரலில் போட்டுவிட்டேன்.